போல்ட் ஆயர்

தருமபுரம், காரைக்கால்
15-6-2025

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

அன்பு மகன் அகஸ்டினுக்கு அப்பா யாகப்பன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். என் இடது முட்டி மட்டும் ஸ்கூல் பஸ் க்ளட்ச்சை மிதிச்சு மிதிச்சு, ஏறி இறங்கறப்ப என்னைக் கேட்காமலே சத்தம் போடுது. உனக்கு அந்த மலைக்குளிர் ஒத்துக்கிச்சா? இருமல் வந்தா வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. வெட்கப்படாதே.

உன்னை இனிமே 'நீங்க, வாங்க'ன்னு எழுதணுமாம் அம்மா. அங்கி போடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னுட்டேன். சாமியாராகப் பழகற நாவிஷியேட்ல ஒரு வருஷம் போன் தொடக்கூடாது, மாசம் ஒரு கடுதாசி மட்டும்னு சட்டம் போட்ட மகராசன் யாரோ தெரியல. பத்தாவதை ரெண்டு தடவை எழுதி முடிச்சதுக்கப்புறம் நான் பேனா பிடிச்சது டீசல் நோட்டுலதான். தப்பு இருந்தா உங்களைப் பழக்கற மாஸ்டர் சாமிகிட்ட காட்டாதே.

லீவுல பாதியில விட்ட செஸ் ஆட்டம் ஃப்ரிட்ஜ் மேல அப்படியே இருக்கு. அம்மா தினம் காயைத் தொடாம சுத்தித் துடைக்கிறா. நிலவரம் மறந்திருந்தா சொல்றேன். உன்கிட்ட ரெண்டு ஆயர், குதிரை இல்ல. என்கிட்ட ரெண்டு குதிரை, ஆயர் இல்ல. பிஷப்பை சொக்கநாதன் மந்திரிங்கறான். பஸ்ஸை ஸ்கூல் வாசல்ல போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துக் கிடக்கிற நேரத்துல எனக்கு ஆட்டம் கத்துக் கொடுத்தவன் அவன்தான். இருந்தாலும் பெரிய டிரைவர் சொல்றாருன்னு கோயில்குடும்பம் நாம சொல்ற பேரை மாத்திக்க முடியுமா? ஆயர்னா ஆயர்தான். தொலைஞ்சு போன கருப்பு ஆயருக்குப் பதிலா நீ ஆறாவது படிக்கிறப்ப நிறுத்தின பஸ் போல்ட்டும் கம்பீரமா நிக்குது.

பன்னெண்டு வருஷமா நாம போடற சண்டை அதேதான். குதிரை பெருசா, ஆயர் பெருசா? என் குதிரை யார் தலைமேல வேணா தாவும். உன் ஆயர் சாய்ஞ்சு சாய்ஞ்சு ஒரே நிறத்துல போவார். போன மாசம் பஸ் ஸ்டாண்டுல நீ, "அப்பா, நான் இதுக்கு லாயக்கான்னே தெரியலப்பா"ன்னு ஆரம்பிச்சே. நான் சட்டுனு, "வெள்ளைக் கட்டத்துல நிறுத்தின ஆயர் கடைசி வரைக்கும் வெள்ளையிலதான் போகணும். கருப்புல கால் வைக்க நீ என்ன குதிரையா?"ன்னேன். டிக்கெட் வரிசையே சிரிச்சுது. பக்கத்துல நின்ன கண்டக்டர் இப்பவும் என்னைப் பார்த்தா, "குதிரைக்காரரே"ங்கறார்.

என் காய்: டி 2 குதிரை எஃப் 3-க்கு. பதில் போடு.

ஆசீருடன்,
அப்பா

&nbsp;

நாவிஷியேட்
1-7-2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அப்பாவுக்கு அகஸ்டின் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிக்கு அம்மாவை எண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். அம்மாவுக்குத் தலைசுற்றல் குறைந்ததா?

ஐந்து மணிக்கு மணி. ஜெபம், பூசை, தோட்ட வேலை, வகுப்பு. மாலையில் அரை மணி நேரம் விளையாட்டு. என் அறைக்குப் பக்கத்து அறை ஆன்டோ, முட்டம்காரன். இங்கே நூலகத்தில் ஒரு செஸ் புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இப்போது ஆட்டம் கற்றுக்கொள்கிறான். குதிரைக்கும் ஆயருக்கும் மூன்று மூன்று என்று சம மதிப்புப் போட்டிருக்கிறதாம். புத்தகம் எழுதினவர் நம் வீட்டுக்கு வந்ததில்லை என்று சொன்னேன்.

ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக உங்கள் குதிரைக்கு ஆறு தாவல் வேண்டும். என் ஆயர் ஒரே மூச்சில் போய்விடுவார். ஒரு நிறம்தான் என்று கேலி செய்கிறீர்கள். அதனால்தான் இரண்டு பேர் இருக்கிறார்கள். வெள்ளைக்கு ஒருவர், கருப்புக்கு ஒருவர். இரண்டு பேரும் இருக்கும்வரை பலகை முழுவதும் காவல். ஒருவரைக் கொடுத்தால் பாதிப் பலகையில் எனக்குக் கண் தெரியாது. அதனால்தான் நான் எந்தக் குதிரைக்காகவும் ஆயரைக் கொடுப்பதில்லை. நீங்கள் இத்தனை வருஷத்தில் குதிரை கொடுத்து ஒரு ஆயரைக்கூட வாங்கியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் சொன்னது நினைவிருக்கிறது.

என் காய்: போல்ட் ஆயர் ஜி 4-க்கு.

அன்பு மகன்,
அகஸ்டின்

&nbsp;

தருமபுரம்
12-7-2025

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

அன்பு மகனுக்கு. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குத் தலைசுற்றல் இல்ல. எனக்குத்தான் உன் கடுதாசி படிச்சுட்டுத் தலை சுத்துச்சு. என்னா எழுத்து! சொக்கநாதன்கிட்ட காட்டினேன். "உன் புள்ளையா எழுதினான்? பத்திரமா வச்சுக்க, பத்திரம் எழுதவே கூட்டிட்டுப் போயிடுவாங்க"ன்னான். இருந்தாலும் அவனும் என் கட்சிதான். ஆயர் எவ்வளவு தூரம் போனா என்ன, நாலு சிப்பாய் குறுக்க நின்னா வீட்டுக்குள்ளயே முடங்கிடுவார். கூட்டத்துல வண்டி ஓட்டினவனுக்குத்தான் குதிரை அருமை தெரியும். விழிதியூர் திருப்பத்துல காலையில எட்டரைக்கு வந்து பாரு.

முக்கியமான சங்கதி. வர்ற மே 31 உன் அங்கி விழாவுக்கு ஸ்கூல் பஸ்ஸையே கேட்டுட்டேன். தாளாளர், "ஓட்டுறது நீங்கதானே, எடுத்துக்குங்க"ன்னுட்டார். நாற்பது சீட்டு. தருமபுரத்துல இப்பவே இருபத்தெட்டு பேர் பேர் கொடுத்தாச்சு. நெரவியில அம்மா வழி ஆளுங்க பத்து. என் பேர் இப்ப 'சாமியார் அப்பா'. டீக்கடையில எனக்கு முதல் கிளாஸ் வருது. நீ குடிக்கிற கசாயத்துல எனக்கு டீ கிடைக்குது பாரு.

ராஜாவைக் கோட்டைக்குள்ள ஒளிச்சாச்சு. இப்ப உன் முறை.

ஆசீருடன்,
அப்பா

&nbsp;

8-8-2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அப்பாவுக்கு. நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? பஸ்ஸுக்கு இப்போதே ஆள் சேர்க்க வேண்டாம் அப்பா. இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

என் காய்: ராணிப் பக்கத்து யானை டி 8-க்கு.

அகஸ்டின்

&nbsp;

தருமபுரம்
18-8-2025

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

அன்பு மகனுக்கு அப்பா ஆசீர். சுகமா இருக்கியா? கடுதாசி சுருங்கிப் போச்சே. சட்டமா, சோம்பலா? சோம்பல்னா என் ரத்தம், ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மாதா தேர் நல்லபடியா முடிஞ்சுது. பங்குச்சாமி மைக்ல பேர் சொல்லி உனக்காக வேண்டிக்கச் சொன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். பக்தின்னு எல்லாரும் நெனைச்சாங்க. பல்லு தெரியாம இருக்கத்தான் குனிஞ்சேன். பக்கத்துல அம்மா அழுதா. சந்தோஷத்துல உன் அம்மா அழுது நான் பார்த்ததே இல்ல.

உன் அங்கிக்கு ஆறு மீட்டர் வெள்ளைத் துணி எடுத்தாச்சு. கடைக்காரர் ரெண்டு தடவை உதறிக் காட்டினார், நான் மூணாவது தடவை உதறச் சொன்னேன். டெய்லர்கிட்ட கொடுக்கலாம்னா, "இருக்கட்டும், புள்ள இளைச்சிருப்பான், அளவு மாறிடும்"னு அம்மா வாங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டா. அதுவும் சரிதான்.

இப்ப பாரு. எச் 2 சிப்பாயை எச் 3-க்குத் தள்ளியிருக்கேன். ஜி 4-ல நிக்கிற உன் போல்ட் ஆயர் கழுத்துல கத்தி. பின்னால ஓடறியா, என் எஃப் 3 குதிரையை வெட்டறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.

ஆசீருடன்,
அப்பா

&nbsp;

12-9-2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அப்பாவுக்கு. நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. ஜெபமும் படிப்புமாக நாட்கள் போகின்றன. உங்களை எப்போதும் நினைத்துக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் காய்: ஜி 4 பிஷப், எஃப் 3 குதிரையை வெட்டுகிறது.

அன்பு மகன்,
அகஸ்டின்

&nbsp;

தருமபுரம்
19-9-2025

எஃப் 3-ல் என் குதிரையை வெட்டினவருக்கு, காரைக்கால் யாகப்பன் எழுதுவது.

நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. சுகமா இருங்க. உறை மேல என் மகன் பேர்தான் போட்டிருக்கேன், ஆனா பிரிக்கப்போறது நீங்கதான்னு தோணுது.

கடுதாசி என் மகன் கையெழுத்து. தேதியும் காய் எழுதின வரியும் மட்டும் வேற மை. அதுகூடப் பரவாயில்ல, பேனா தீர்ந்திருக்கும்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனா அவன் பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட ஆயரைக் கொடுத்துக் குதிரையை வாங்கினதில்ல. தோக்கப் போறான்னு தெரிஞ்சும் கொடுத்ததில்ல. அவனுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தப்பகூட படுக்கையிலிருந்து, "போல்ட்டைத் தொடாதீங்கப்பா"ன்னான்.

துணி எடுத்தேன்னு எழுதினேன், பதில் இல்ல. தேர் பத்தி எழுதினேன், பதில் இல்ல.

என் பிள்ளைக்கு என்ன ஆச்சு? உடம்புக்கு முடியலையா? எழுத முடியாத நிலையில இருக்கானா? உங்க மாஸ்டர் சாமிக்குப் போன் பண்ணலாம்னு அம்மாகிட்ட நம்பர் கேட்டேன். நம்பர் எழுதின டைரி காணோம்னுட்டா. எட்டு நாள்ல பதில் வரலைன்னா பஸ் ஏறி வந்துடுவேன். இந்தக் கடுதாசியில வேடிக்கையா ஒரு வரி எழுத முயற்சி பண்ணேன். வரல.

யாகப்பன்

&nbsp;

நாவிஷியேட்
24-9-2025

இயேசுவுக்குப் புகழ்.

மதிப்பிற்குரிய அங்கிள் அவர்களுக்கு ஆன்டோ எழுதுவது. முதலில், அகஸ்டின் உயிரோடு, சுகமாக இருக்கிறான். பயப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பிரித்ததற்கு மன்னியுங்கள்.

அவன் ஜூலை 27-ஆம் தேதி இங்கிருந்து போய்விட்டான். யாரும் அனுப்பவில்லை, அவனாகத்தான் போனான். மாஸ்டர் சாமி உங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். ஆன்ட்டிதான் எடுத்தார்கள். உங்களிடம் பக்குவமாகத் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்களாம். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

உங்கள் கடிதம் வந்தால் அவனுக்கு அனுப்புவேன். அவன் எழுதியதை எங்கள் உறையில் போட்டு இங்கிருந்து தபாலில் சேர்ப்பேன். தவறு என்று தெரியும். அழுதுகொண்டே கேட்டான், மறுக்க முடியவில்லை. போன மாதம் அவன் அறை மாறியதால் உங்கள் கடிதம் திரும்பி வந்துவிட்டது. பதில் தாமதமானால் நீங்கள் கலங்குவீர்கள் என்று, அவன் அவசரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தில் தேதியையும் காயையும் நானே எழுதிவிட்டேன். ஓடு அல்லது வெட்டு என்று கேட்டிருந்தீர்கள். புத்தகத்தில் இரண்டுக்கும் மூன்று மூன்று என்றுதானே இருக்கிறது, வெட்டினால் நட்டமில்லை என்று நினைத்தேன்.

நான் மாஸ்டர் சாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் போனிலேயே அகஸ்டினின் புது முகவரியை ஆன்ட்டியிடம் கேட்டு வாங்கி, கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கென்று அவர்களிடம் சொல்லவில்லை.

மன்னிப்பு வேண்டும்,
ஆன்டோ

&nbsp;

தருமபுரம்
2-10-2025

அகஸ்டினுக்கு.

நலம் விசாரிக்க மனசு வரல. சாப்பிடறியா, அதை மட்டும் எழுது.

ஆன்டோ மேல எனக்குக் கோபமில்ல. அவன் சமமான காயை மாத்தினதா நெனைச்சிருக்கான். நீ எதை மாத்தினே? ரெண்டு மாசம் திருப்பூர்ல உக்காந்துக்கிட்டு மலையில மழைன்னு எழுதியிருக்கே. அவசரத்துக்குன்னு கடுதாசி எழுதி அடுக்கி வச்சிருக்கே. கடையில ரெடிமேட் சட்டை தொங்குமே, அந்த மாதிரி. எந்த அப்பனுக்கும் பொருந்தும். அதை நான் சட்டைப்பையில வச்சுக்கிட்டு விழிதியூர் வரைக்கும் பஸ் ஓட்டினேன். சிக்னல்ல நின்னப்ப எடுத்துப் படிச்சேன்.

உன் அம்மாவும் இதுல இருக்கா. அதுதான் ஆறல. நீ தூரத்துல இருந்து ஏமாத்தினே. அவ பக்கத்துல உக்காந்து, "அப்புறம் என்ன எழுதியிருக்கான், படிங்க"ன்னா. நானும் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் படிச்சேன். பலகையைச் சுத்தி தினம் துடைச்சா. துணியை எதுக்குப் பூட்டினான்னு இப்பத்தான் விளங்குது. தேர் அன்னைக்கு எதுக்கு அழுதான்னும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வாயில என்ன வரும்னு எனக்கே பயமா இருக்கு.

பஸ்ஸுல முப்பத்தெட்டு பேர் பேர் கொடுத்திருக்காங்க. தெருவுல யாருக்கெல்லாம் தெரியும்? டீக்கடையில முதல் கிளாஸ் வர்றப்ப, இவனும் தெரிஞ்சுக்கிட்டே கொடுக்கிறானோன்னு முகத்தைப் பார்க்கிறேன். நான் என்னையே கேலி பண்ணிக்கிறவன். மத்தவங்க கேலி பண்ண நான்தான் முதல்ல இடம் கொடுப்பேன். ஆனா இதுல நான் இல்லாம நீங்க எல்லாரும் சேர்ந்து பண்ணிட்டீங்க.

சாமியாராப் போகலைன்னா போகாதே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன்டா சொல்லல?

யாகப்பன்

&nbsp;

திருப்பூர்
11-10-2025

அன்புள்ள அப்பாவுக்கு.

சாப்பிடுகிறேன். மெஸ்ஸில் மூன்று வேளை. பனியன் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் முட்டியைக் கேட்க எனக்கு இப்போது உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னேன் அப்பா. மே மாதம் பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். அந்த ஒரு வரியை மூன்று நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் ஆயர், குதிரை என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பஸ் கிளம்பிவிட்டது.

ஜூலை 28 திங்கட்கிழமை காலை, உங்களிடம் நேரில் சொல்ல காரைக்காலுக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் அதே கண்டக்டர். பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஆயர் குதிரையா தாவிட்டாரா?" என்றார். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் உங்கள் குரலிலேயே கேட்டது. வீட்டுக்கு வந்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள், தெருவும் சிரிக்கும் என்று தோன்றியது. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா டிபன் கேரியரோடு ஓடி வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். "அப்பாவைக் கூப்பிடட்டுமா" என்று நாலு தடவை கேட்டாள். நான்தான் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவளைத் திட்டாதீர்கள்.

கடிதங்களை அடுக்கி வைத்தது தப்பு. ஒரே ஒரு கடிதம்தான் அப்படி. ஆனால் ஒன்றாக இருந்தாலும் தப்புதான். காய் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டேன். அதை மட்டும் என்னால் முன்கூட்டியே எழுத முடியவில்லை.

அகஸ்டின்

&nbsp;

தருமபுரம்
22-10-2025

அன்பு மகன் அகஸ்டினுக்கு அப்பா எழுதுவது.

முட்டி அப்படியேதான் இருக்கு. தீபாவளிக்கு சொக்கநாதன் கொடுத்த முறுக்கைக் கடிச்சு ஒரு பல்லும் ஆடுது.

ஜூலை 28 அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஸ்கூல் வாசல்ல சொக்கநாதன்கிட்ட தோத்துக்கிட்டு இருந்தேன். பஸ் ஸ்டாண்டுலேருந்து பத்து நிமிஷ நடை. நீ அங்க சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கேரியர் ஏன் கழுவிக் கவுத்திருக்கு?"ன்னு கேட்டேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "சும்மா கழுவினேன்"னா.

எனக்கு ஆறல அகஸ்டின். ஆறிடுச்சுன்னு எழுதினா அதுவும் ரெடிமேட் கடுதாசியாப் போயிடும். ஆனா உன் வாயை அடைச்சது என் வாய்தான்னு படிச்சப்ப கடுதாசியைக் கீழ வச்சுட்டேன். அந்த வரிக்கு வரிசையில எத்தனை பேர் சிரிச்சாங்கன்னு எண்ணிக்கிட்டு நின்னவன் நான். உன் முகத்தைப் பார்க்கல.

பஸ்ஸுக்குப் பேர் கொடுத்தவங்க வீட்டுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன். இதுவரைக்கும் பதினொரு வீடு ஆச்சு. வேடிக்கை ஒண்ணும் பேசல. "எங்க பையன் வந்துட்டான், விழா இல்ல"ன்னு மட்டும் சொல்லி, அம்மாகிட்ட இப்போதைக்குப் பேச வேண்டாம்னு கேட்டுக்கறேன். யாரும் சிரிக்கல.

எனக்குப் போன் பண்ணாதே. போன்ல நான் ஏதாவது உளறிச் சிரிச்சுடுவேன். கடுதாசின்னா அடிச்சு எழுதலாம். இதுலயே மூணு இடத்துல அடிச்சிருக்கேன், பாரு.

ஆன்டோ வெட்டின வெட்டை நான் ஏத்துக்கல. என் குதிரையை எஃப் 3-லயே திருப்பி வச்சாச்சு. போல்ட் ஆயரும் ஜி 4-ல நிக்கிறார். சிப்பாய் கத்தியோட பக்கத்துலயே நிக்குது. ஓடறதா வெட்டறதான்னு நீதான் சொல்லணும். எழுதி அனுப்பாதே.

நேத்து அம்மா ஃப்ரிட்ஜ் மேல துடைச்சுக்கிட்டே, "புள்ள என்ன காய் நகர்த்தியிருக்கான்?"னு கேட்டா. இத்தனை நாளாக் கேட்ட அதே குரல். நான் செருப்பைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டு, "இன்னும் நகர்த்தல. நேர்ல வந்து நகர்த்துவான்"னேன்.

துடைச்ச துணியோட அப்படியே நின்னா. "எப்ப?"ன்னு மட்டும் கேட்டா.

நான் செருப்பை மாட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.

அப்பா